இரண்டு கைப்பிடி

சிலோயே தீவில் மழைக்கு நாள் கிழமை கிடையாது.
சால்மன் மீன் கூண்டுக்கு அடியிலிருந்து
பௌதீலியோவை மேலே கொண்டுவந்த அன்றும் பெய்தது.
கம்பெனி ஆள் குடையோடு வந்தான்.
கையெழுத்து வாங்கும்போது
குடையைக் காகிதத்துக்குப் பிடித்தான்.
எடெல்மிரா நனைந்துகொண்டே எழுதினாள்.

ஒன்பது ராத்திரி ஜெபம். ஊரே வந்தது.
இங்கே வழக்கம் அப்படி:
அழுகிற வீடுதான் ஊருக்குப் பந்தி வைக்க வேண்டும்.
மாடு ஒன்றை வெட்டினார்கள்.
நான் அடுப்படியில் நின்று
மூன்று மூட்டை உருளைக்கிழங்கு துருவினேன்.
விரல் முட்டியெல்லாம் தோல் போனது.
அதை அவளிடம் காட்டவும் காட்டினேன்.
இப்போது நினைத்தால் வெட்கம்.

பேசவும் பேசினோம்.
"அவன் நல்ல இடத்தில் இருக்கிறான்" என்றாள் உபெர்லிண்டா.
அவன் கடைசியாய் இருந்த இடம்
முப்பது மீட்டர் ஆழம், இருட்டு, மீன் கழிவு.
"காலம் ஆற்றும்" என்றார் பாதிரியார்.
"உனக்கு இன்னும் வயசிருக்கு" என்றது யாரோ,
யாரென்று எல்லோருக்கும் தெரியும்.
நான் சொன்னது:
"எது வேணும்னாலும் கூப்பிடு."
சொல்லிவிட்டுக் கிளம்பும்போது மனசு லேசாக இருந்தது.
பாரத்தை
அவளிடமே இறக்கிவிட்டு வந்ததால் இருக்கலாம்.

பத்தாம் நாள்
அவள் வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை.
பதினொன்றாம் நாளும் இல்லை.
என் போன் மேசைமேல் கிடந்தது.
அவள் கூப்பிடவில்லை.
ஒருமுறை கதவுவரை போனேன், கையில் சூப்.
தட்டவில்லை.
படியில் வைத்துவிட்டு ஓடி வந்தேன்.
நாய் குடித்தது.

பன்னிரண்டாம் நாள் வந்தவன் ஒனோஃப்ரே.
அவனை யாரும் எதிர்பார்க்கவில்லை.
அவனுடைய பன்றி அவள் கிழங்குத் தோட்டத்தைக் கிளறியதிலிருந்து
நாலு வருஷமாய்ப் பேச்சு வார்த்தை கிடையாது.
ஜெபத்துக்கும் அவன் வரவில்லை.
தோளில் ஒரு நீள ரம்பம்,
இரண்டு முனையிலும் கைப்பிடி.
கதவைக் காலால் உதைத்தான்.
"மரம் சாய்ந்து பாதையை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு.
மோட்டார் ரம்பம் ரிப்பேர்.
ஒரு ஆள் வேணும்."

எனக்கு ஆத்திரம்.
ஜன்னலைத் திறந்து கத்தப் போனேன்.
அதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள்,
பௌதீலியோவின் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு,
இரண்டு அளவு பெரிசு,
சேற்றில் சளக் சளக்கென்று.

அந்த ரம்பத்துக்கு ஒரு குணம் உண்டு.
தள்ளக் கூடாது, தள்ளினால் வளையும்.
உன் முறைக்கு இழு.
அவள் முறைக்கு விட்டுக்கொடு.
விட்டுக்கொடுத்தாலும் பிடியை விடாதே.
ஒனோஃப்ரே இதையெல்லாம் சொல்லவில்லை.
அவன் சொன்னது "மெதுவா" என்று ஒருமுறை,
அப்புறம் மரத்தைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை.

நடுவில் அவள் நின்றுவிட்டாள்.
நெற்றியை மரத்தின்மேல் வைத்துக்கொண்டாள்.
தோள் குலுங்கியது.
அவன் கிட்டே போகவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை.
மறுமுனைக் கைப்பிடியைப் பிடித்தபடி
மழையில் நின்றான்,
எங்கேயும் போக வேண்டியிராத மாடு மாதிரி.
எவ்வளவு நேரமோ.
பிறகு ரம்பம் அசைந்தது.
அவள்தான் இழுத்தாள்.

அறுத்ததில் பாதியை அவள் வாசலில் கொட்டினான்.
"கூலி" என்றான்.
பன்றியைப் பற்றி அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சாயங்காலம் புகை வந்தது,
பச்சை விறகின் கறுத்த, நாற்றமடிக்கிற புகை.
நான் துருவியை எடுத்துக்கொண்டு போனேன்.
இந்த முறை தட்டினேன்.
"என்னோடது மழுங்கிப் போச்சு.
உன்னோடது இருந்தா கொடு."

அவள் துருவியை வாங்கி
பல்லை விரலால் தடவிப் பார்த்தாள்.
போன வாரம் வாங்கியது, விரல் கீறியது.
"ஆமாம்," என்றாள், விரலைச் சூப்பிக்கொண்டே,
"சுத்தமா மழுங்கிடுச்சு."
கதவைவிட்டு நகர்ந்து வழி விட்டாள்.