காலி வண்டி எடை

ஏழு வாரமாகத் தொண்ணூற்று நாலு கிலோ அறுநூறு.
பேட்டரி மாற்றினேன்.
குளியலறையிலிருந்து எடுத்து வந்து கூடத்து டைல்ஸில் வைத்தேன்.
வளையலைக் கழற்றி, தலையை உலர்த்திவிட்டு ஏறினேன்.
தொண்ணூற்று நாலு கிலோ அறுநூறு.

காங்கயத்திலிருந்து சென்னிமலை போகிற ரோட்டில்
எங்கள் எடை மேடை. அறுபது டன் தாங்கும்.
இருபத்திரண்டு வருசமாக நான்தான் சீட்டுப் போடுகிறேன்:
பாரத்தோடு இவ்வளவு, காலி வண்டி இவ்வளவு,
கழித்தால் சரக்கு.
தவிடு, குருணை, கொப்பரை, தேங்காய்த் தொட்டி.
டேங்கில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வருகிறவனை
டயர் அமுங்குவதிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

போன ஆடியில் கோயமுத்தூரில்
வயிற்றை ஒரு கோழிமுட்டை அளவுக்குத் தைத்து அனுப்பினார்கள்.
முதல் மாசம் பதினொன்று போனது. அடுத்த மாசம் எட்டு.
ரவிக்கையை நாலு தடவை பிடித்த டெய்லர்
ஐந்தாம் தடவை புதுசாகவே தைக்கச் சொன்னார்.
தலைமுடி சீப்போடு வந்தது.
இருக்கட்டும் என்றிருந்தேன், அதுவும் எடைதானே.

காலையில் ஒரு முட்டை.
மதியம் கடைந்த கொள்ளு அரைக் கிண்ணம், விரல் நீளம் மீன்.
சோற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் அரைமணி நேரம்.
தாகத்தை ஒவ்வொரு மடக்காகத் தவணை கட்டுகிறேன்.
இரும்புச்சத்து, கால்சியம், மாசம் ஒரு ஊசி.
தை நோம்பிக்கு ஆசையாக ஒரு வாய் ஒப்புட்டுத் தின்றதற்கு
வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து
மாட்டுக் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நத்தக்காடையூரில் கெடா விருந்து.
மூணு துண்டு கறியை முப்பது தடவை மென்றுகொண்டிருந்தேன்.
பந்தி எழுந்து, இலை எடுத்து, அடுத்த பந்தி உட்கார்ந்துவிட்டது.
"ஏனம்மிணி, நாலு லச்சத்தக் குடுத்துப் பட்டினி கெடக்கறதுக்கு
ஊட்லயே சும்மா கெடந்திருக்கலாமல்லொ"
என்றார் நங்கையா.
ஒறம்பரை மொத்தமும் சிரித்தது.
வாயில் கறி இருந்ததால் நான் சிரிக்கவில்லை.

டயட்டீசியன் ஆக்னஸ் என் நோட்டைப் புரட்டினாள்.
"எழுதாதது எதாவது இருக்குங்களா?"
இல்லை என்றேன்.

மேசை டிராயரில் ஒரு டப்பா இருக்கிறது.
முழு முறுக்கு இல்லை, ஒடிந்தது.
நாலு மணி வாக்கில் லாரி வராத நேரத்தில்
எச்சிலிலேயே கரைந்து தையல் வழியாக
அடைக்காமல் இறங்கிவிடும்.
பொடியை யார் எடை போடுவார்கள்?
டேங்கில் தண்ணீர் நிரப்புகிறவனும்
இப்படித்தான் கேட்பான்.

அடுத்த முறை சொன்னேன்.
அவள் திட்டவில்லை. அது பாதிதான் என்றாள்,
மீதி, உடம்பு பயந்துபோய்ப் பிடித்து வைத்துக்கொள்வது,
பஞ்சம் வந்துவிட்டதென்று நினைத்துக்கொள்ளுமாம்.
இருபத்திரண்டு வருசமாகத் தவிட்டுத் தூசியைத்
தின்று வளர்ந்த உடம்புக்கு என்ன பஞ்சம்?
டப்பாவை லோடு இறக்கும் பையன்களுக்குக் கொடுத்துவிட்டேன்.
அதற்கப்புறம் பத்து நாள்.
தொண்ணூற்று நாலு கிலோ எண்ணூறு.

நேற்று ராத்திரி பதினொன்றரை. ரோட்டில் யாருமில்லை.
விளக்கை அணைத்துவிட்டு எடை மேடையில் போய் நின்றேன்.
போன வைகாசியிலும் இப்படி ஒருநாள் நின்றேன்,
அன்றைக்கு நூற்றி முப்பது காட்டியது.
இதற்குப் பத்துப் பத்தாகத்தான் கண் தெரியும்.
முறுக்குப் பொடி தெரியாது, ஏழு வாரம் தெரியாது,
இருநூறு கிராம் ஏறினது தெரியவே தெரியாது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு எழுத்தில்
தொண்ணூறு.

பொய்தான். நான் முத்திரை வாங்கி வைத்திருக்கிற பொய்.
கொஞ்ச நேரம் அதன் மேலேயே நின்றேன்.
வெங்கரைக்கு உமி ஏற்றிப் போகிற வண்டி
முனையில் திரும்பி ஹாரன் அடித்தது.
"துளசிக்கா, தள்ளிக்கங்க, மேட ஏறோணும்!"

இறங்கினேன்.
நான் இறங்கிய பிறகும் ஒரு நொடி
அங்கேயே நின்றுவிட்டு
மெதுவாகத்தான் சுழியத்துக்கு வந்தது.