கணக்கில் வராத முருங்கை

முதலில் ஒரு வாளி வைத்தேன்
ஒழுகும் குழாயின் கீழே, ராத்திரி பத்து மணிக்கு.
விடியும்போது வாளி நிறைந்து
தரையெல்லாம் என்னைக் கேலி செய்தது.
வயிரவனை எழுப்பிச் சொன்னேன்:
உடைக்கிறோம்.

அவனுக்கு வேண்டியது மழைபோல் கொட்டும் ஷவர்.
கோட்டையூரில் மழையே மழைபோல் கொட்டுவதில்லை,
உனக்கு மட்டும் எதற்கு என்றேன்.

காரைக்குடிக் கடையில்
பச்சை இலை ஒட்டிய குழாய்க்கு இருநூறு ரூபாய் கூடுதல்.
இலையைக் கிழித்துவிட்டுத் தருவீர்களா என்றதற்கு
கடைப் பையன் சிரிக்கவில்லை.
முனீஸ்வரன் கோவில் தெருவில்
யார் வீட்டிலிருந்தோ இறங்கிய கண்ணாடி கிடைத்தது.
ரசம் போன மூலையில் என் இடது காது தெரியாது.
பரவாயில்லை,
காதைப் பார்த்தா பல் தேய்க்கிறோம்?

உடைத்த கல்லையே கொத்தனார் கருப்பணன்
சில்லுச் சில்லாய்த் தட்டிப் புதுத் தரையில் பதித்தார்.
'வழுக்காது. அழகு கேக்காதீங்க.'
அழகாகத்தான் இருந்தது.
சொல்லவில்லை, கூலியை ஏற்றிவிடுவார்.

நாலாம் நாள்
பிளம்பர் சவரிமுத்து குழிக்குள்ளிருந்து கூப்பிட்டார்.
சுவரடியில் பழைய குழாய் விண்டிருந்தது.
நேற்று விண்டதில்லை.
வேர் ஒன்று
ஒற்றை விரலாய் உள்ளே நுழைந்து
குடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் மெய்யம்மையின் முருங்கை.
முக்கால் அடி நிலத்துக்காக
ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை.
எங்கள் மோட்டார், எங்கள் கரண்ட் பில்,
அவள் வீட்டுச் சாம்பார்.
'அடைச்சிரவா?'
'அடைங்க.'

ஒரே நாளில் காலியாகும் தொட்டி
இரண்டரை நாள் வந்தது.
காலண்டரில் எழுதி வைத்தேன்,
வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

சித்திரையில்
மஞ்சள் இலைகள் சுவர் தாண்டி வந்தன.
மொட்டை மாடியில், சோலார் தகட்டின்மேல்,
காயப்போட்ட என் புடவை மடிப்பில்.
ஏழு நாள் பெருக்கித் தள்ளினேன்.
எட்டாம் நாள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு
சவரிமுத்துக்குப் போன் செய்தேன்.

'நல்ல தண்ணி எதுக்கு, குளிச்ச தண்ணி போதும்.
கூழாங்கல், கரி, மணல் போட்டு விட்ரலாம்.
நீங்க சோப்பைத்தான் மாத்தணும்.
சுவத்துல ஓட்டை போட
அவுகளைக் கேக்கணும்.'

அவரையே அனுப்பினோம்.
அரை மணி நேரம்.
காபி வாசத்தோடு திரும்பி வந்தார்.
'போட்டுக்கிறச் சொல்றாக.'

இப்போது வயிரவன்
கடலைமாவு பூசிக்கொண்டு முனகுகிறான்,
ஒருவரின் அழுக்கு
இன்னொருவர் மரத்துக்குப் போவது
எந்தச் சட்டத்தில் வருமென்று.
பதில் எனக்கும் தெரியாது.
தொட்டி மட்டும் இரண்டரை நாள் வருகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை.
எழுந்ததே ஒன்பதரை.
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து,
மரத்திடம் சொல்வதுபோல்,
ஆறு வருஷத்தின் முதல் வாக்கியம்:

'இன்னும் குளிக்கலையாக்கும்.'