பதினொரு நிமிடம்

மாத்திரை கொடுத்தாயிற்று.
சூப் கிண்ணம் கழுவிக் கவிழ்த்தாயிற்று.
கம்பளிக் காலுறை, இடது கால் முதலில்,
அப்படித்தான் பிடிக்கும் அவருக்கு.
மிஸஸ் ஹால்டர்சன் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார்.
அயருமுன் சொன்னதுதான் வினை:
"பனி வலுக்கப் போகிறது, நீ கிளம்பம்மா.
யார் கேட்டாலும் ஆறு மணி என்பேன்."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பத்தொன்பது.

வின்னிபெக்கில், பிப்ரவரியில்,
சாத்தான் யாரையும் வனாந்தரத்துக்குக் கூட்டிப்போவதில்லை.
மலையுச்சியில் நின்று ராஜ்ஜியங்களைக் காட்ட
அவனுக்கும் குளிர்தான்.
கார் ஹீட்டரைக் காட்டுகிறான்,
நெரிசலுக்கு முந்தின போர்ட்டேஜ் அவென்யூவை,
அடுப்பில் நுரைகட்டும் ரசத்தை.
அதுவும் ஒரு நல்ல மனுஷியின் குரலில்.

பதினொரு நிமிடம்.
என் சம்பளத்தில் மூன்று டாலர் எண்பத்தைந்து சென்ட்.

போன செவ்வாய் நாலு நிமிடம்.
அதற்கு முந்தின வாரம் ஏழு.
காருக்குள் உட்கார்ந்தபடி, வீட்டுக்குள் இருப்பவள்போல
செயலியில் விரல் வைத்தேன்.
வானம் இடிந்து விழவில்லை.
பச்சையாய் ஒரு டிக் விழுந்தது, அவ்வளவுதான்.
மன்னிப்புக் கேட்கக்கூடக் கூச்சம்:
நாலு நிமிடத்துக்கு முழங்கால் போடுவதா?
பெரிதாய் ஏதாவது வரட்டும், சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாமென்று
மளிகைக்கடைப் பாக்கிபோல் விட்டு வைத்திருந்தேன்.

பாக்கியில் இதுவும் உண்டு:
பையனின் பரீட்சைக்கு ஜெபிக்கச் சொன்னாள் கிறிஸ்டில்டா.
கூப்பிய கைப்படம் மூன்று அனுப்பினேன்.
கூப்பியது கைபேசிதான்.

இன்றைக்குக் கோட்டு மாட்டியாயிற்று.
ஒரு பூட்ஸும் போட்டாயிற்று.
இரண்டாவதில் காலை விட்டால் ஈரம்.
வரும்போது புகுந்த பனி உள்ளே உருகி
காலுறை சில்லென்று நனைந்தது.
தேவதூதன் என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
ஈரம்தான்.
ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன்.

சும்மா இருப்பது இவ்வளவு நீளமா?
ஃப்ரிட்ஜ் முனகி ஓய்ந்தது.
அவர் மூச்சை எண்ணினேன்,
இருபத்திரண்டில் கணக்கு விட்டுப்போனது.
மேசைமேல் கண்ணாடிக் கிண்ணம்,
தங்கத்தாள் சுற்றிய சாக்லேட்.
ஜெயித்த கை அதே வேகத்தில் நீண்டது.
விழித்திருந்தால் "எடு, எடு" என்பவர்தான்.
தூங்குகிறவர் எதுவும் சொல்வதில்லை.
எடுத்ததைத் திருப்பி வைக்கும்போது
அந்தத் தாள் எவ்வளவு சத்தம் போடும் தெரியுமா?

ஐந்து ஐம்பத்தேழுக்குக் கண் திறந்தார்.
என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.
"எய்னார் வந்துவிட்டாரா?"
எய்னார் போய்ப் பதினாறு வருஷம்.
"வெளியே பனி அதிகம்," என்றேன்.
அது பொய்யில் சேருமா என்று
இன்றுவரை தெரியவில்லை.
என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.
விட்டபோது ஆறு மணி இரண்டு.

காரின் கண்ணாடியைச் சுரண்டும்போதே
ஞாயிற்றுக்கிழமைச் சாட்சி தயாராகிவிட்டது:
"அன்பானவர்களே, ஒரு சின்னக் காரியம்தான்..."
எங்கே குரலைத் தாழ்த்துவது,
எந்த இடத்தில் தொண்டை அடைப்பது,
பால்துரை அண்ணன் எப்போது ஸ்தோத்திரம் சொல்வார்,
எல்லாம்.
அவனும் பின்சீட்டில் ஏறிக்கொண்டான் போலிருக்கிறது,
பெல்ட்டும் போட்டுக்கொண்டு.

சிவப்பு விளக்கில் நின்றபோது
கிறிஸ்டில்டா மகனுக்காக வாய் திறந்தேன்.
பெயர் மறந்துபோயிருந்தது.
"அந்தப் பையன், ஆண்டவரே," என்றேன்.
பரீட்சை முந்தாநாளே முடிந்திருக்கும்.
பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள்.

சாட்சி சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.
யாரிடமும் மூச்சுவிடுவதில்லை என்றும்.
ஒன்பது நாள் தாங்கியது.
இதோ, உங்களிடம்.