வெளுக்காத இடம்

கான்சாஸில், கோதுமைக்கு நடுவே,
ஹார்லன் கிராசிங் என்றொரு ஊர்.
அதன் தண்ணீர்த் தொட்டியின் நெற்றியில்
முப்பத்தெட்டு வருடம் எரிந்த சிலுவையைக்
கழற்றி இறக்கியவன் நான்.
நகராட்சிச் சம்பளம். மணிக்கு இருபத்திரண்டு டாலர்.

வழக்குப் போட்டவள் ஆர்ஃபா க்ரோக்கர்.
சாமியில்லாதவள் என்றார்கள் மளிகைக்கடை வரிசையில்.
ஞாயிறு தவறாமல் மெனனைட் சபையின்
இரண்டாம் பெஞ்சில் உட்காருகிறவள் அவள்.
"என் கடவுளுக்குக் கரண்ட் பில் கட்ட
நகராட்சி யார்?" என்று மட்டும் கேட்டாள்.
அதற்கே அவள் தபால்பெட்டியை
இரண்டு முறை பிடுங்கி எறிந்தார்கள்.
பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
பிடுங்கிய கைகளை
ஒன்றாம் வகுப்பிலேயே படியேற்றிவிட்டிருப்பாள்.

மன்றக் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை.
போரில் போன மகனின் படத்தை
நெஞ்சோடு பிடித்தபடி லோனி ஏபர்சோல் சொன்னார்:
"அது மதமில்லை. ஞாபகம்."
பின்வரிசையில் அவருடைய பாஸ்டரே எழுந்துவிட்டார்:
"மதமில்லையா? சிலுவையா?"
அந்த ஓரிடத்தில் மட்டும்
இரண்டு கட்சிக்கும் வாயடைத்தது.
இறைச்சி ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கும்
அப்திரிசாக்கிடம் மைக்கை நீட்டினார்கள்,
தீர்ப்பு அவர் சட்டைப்பையில் இருப்பதுபோல.
மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றார் அவர்.
ஏழு மாதமாக.
குறித்துக்கொண்டார்கள்.

மார்ச் காற்றில் ஏறினேன், நூற்று முப்பது அடி.
தொண்ணூறு பல்பில் பதினேழு செத்திருந்தன.
குறுக்குக் கையின் மூட்டில் ஒரு குருவிக்கூடு, காலி.
கடைசி நாலு போல்ட் மசியவில்லை, அறுத்தேன்.
கீழே சிலர் பாடினார்கள், சிலர் படம் பிடித்தார்கள்.
லாரியில் கிடத்தியபோது வெறும் தகரமும் ஒயரும்.
யாரோ அதற்கும் ஒரு போர்வை போர்த்தினார்கள்.

அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தோம்.
அத்தனை வருட வெயிலில்
தொட்டியின் நீலம் சாம்பலாய் வெளுத்திருந்தது,
தகரம் மறைத்த இடம் தவிர.
அங்கே முதல்நாள் பூசிய நீலம், அப்படியே,
பல்பு இல்லாமல், பில் இல்லாமல்,
நெடுஞ்சாலை வரைக்கும் தெரிகிற சிலுவை.

வெயில் வரைந்ததற்கு யார் மேல் வழக்கு?
லோனி அற்புதம் என்கிறார்.
வக்கீல் கடிதம் வந்துவிட்டது.
பெயிண்டுக்காக மூன்று கூட்டம்:
அந்த இடத்தில் மட்டும் பூசினால்
புதுப் பெயிண்டில் மறுபடி அதே சிலுவை,
முழுத்தொட்டிக்குப் பூசக் கஜானாவில் காசில்லை.

நேற்று ஆர்ஃபா வந்தாள்.
என் வண்டியில் சாய்ந்து நெடுநேரம் மேலே பார்த்தாள்.
"அழகாத்தான் இருக்கு" என்றாள்.
பிறகு, "அழிச்சிடு."

வெளுத்த நீலத்துக்குப் பெயிண்ட் கடையில் எண் கிடையாது.
வாளியில் சாம்பலைச் சொட்டுச் சொட்டாய்க் கலக்கி
ஒரு பலகையில் தடவித் தடவித்
தொட்டியோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.
முப்பத்தெட்டு வருட வெயிலின் நிறம்
இன்னும் வரவில்லை.