ஐம்பத்தொன்று

த்ரெஸ் அர்ரோயோஸ் தேவாலயப் பதிவேட்டில்
மை இன்னும் மங்கவில்லை.
1914, அக்டோபர்.
குழந்தை: ஆக்ஸல்.
தகப்பன்: நீல்ஸ் ஓவர்கோர், டென்மார்க்கின் மோர்ஸ் தீவு,
இங்கே கோதுமை.
தாய்: மாரன், பிறப்பு 1863.

கழித்துப் பார்த்தேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை.
போதகருக்குக் கழித்தல் தெரியாமலா இருந்திருக்கும்?

மூத்த மகள் தீராவுக்கு அப்போது பதினெட்டு.
ஜனவரி அறுவடைக்கு பாஸ்க் கூலிகள்
கதிரடிக்கும் இயந்திரத்தோடு வந்தார்கள்,
இயந்திரத்தோடு போனார்கள்.
சம்பளக் கணக்கில் ஒருவன் பெயரை மட்டும்
அடித்து, அடித்ததன் மேல் அடித்து,
தாளே கிழிந்திருக்கிறது.

தம்பி என்றுதான் கடைசிவரை கூப்பிட்டாள்.
தம்பியின் முதல் சப்பாத்து அவள் முட்டை விற்ற காசு.
தம்பிக்குக் கக்குவான் வந்த குளிரில்
நின்றுபோனது அவள் நிச்சயதார்த்தம்.
பிற்பாடு ஒரு பால்பண்ணைக்காரனைக் கட்டி
நான்கு பெற்றாள்; நான்கும் வைக்கோல் தலை.

எங்கள் பக்கம் புருவங்கள் கூடியிருக்கும்,
கரி பூசியது போல.
கேட்டால், "மோர்ஸில் கறுப்பு ஆடும் உண்டு" என்பாராம் ஆக்ஸல்,
சிரிக்காமல்.
தீராவின் சவப்பெட்டியை
வேறு யாரையும் தலைமாட்டில் தூக்க விடவில்லையாம்.
அவருக்குத் தெரிந்திருந்ததா?
சொல்ல ஆளில்லை.

ஞாயிறு டேனிஷ் சங்கத்தில் நூறாண்டு விருந்து.
வம்ச அட்டவணை கேட்டு
டெல்ஃபினா மூன்றாம் முறை அழைக்கிறாள்:
"பென்சிலிலாவது போட்டு அனுப்பேன்."

பேனாவால் போட்டேன்.
தீராவிலிருந்து ஆக்ஸலுக்கு, நேர்க்கோடு, இரண்டு விரற்கடை.
தகப்பன் இருக்க வேண்டிய இடத்தில்
தாளைக் கொஞ்சம் கிழித்துவைத்தேன்.