தடைசெய்யப்பட்ட உயிரினம், பன்னிரண்டு உருப்படி

ஆவுளியாவுக்கு ஏழாம் சுற்றில்
ஒரு கண்ணி கூடிப்போனது.
இடது தோளை மட்டும் தூக்கிக்கொண்டு
"எனக்கென்ன" என்று உட்கார்ந்துவிட்டது.
பிரிக்க மனசு வரவில்லை.

தடைக்காலம்.
பாம்பனில் விசைப்படகுகள்
கல்யாணம் முடிந்த மண்டபத்து நாற்காலிபோல்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கின்றன.
கித்தேரியான் வலை பொத்துகிறான்.
எதிரே நான், குரோஷா ஊசியோடு.
எட்டிப் பார்த்துச் சொல்கிறான்:
"ரொம்ப நெருக்கிப் போடுற பிலோமி,
நெத்திலிகூடத் தப்பாது."
நெத்திலியை யார் கேட்டார்?
நான் பிடித்தது பேத்தை.
வயிறு உப்பப் பஞ்சு போதாமல்
அவனுடைய கட்டம்போட்ட லுங்கியைச்
சுருட்டித் திணித்துத் தைத்தேன்.
அவனிடம் சொல்லவில்லை.

சாக்குக்கணவாய்க்கு ஒன்பது கால்,
நூல் மிச்சமிருந்தது.
நண்டுக்கு ஒரு கொடுக்கு ரோஸ்,
நூல் தீர்ந்துவிட்டது.
எல்லாம் டி.வி. மேல் வரிசையாக இருந்து
எங்களைப் பார்க்கும்.

உச்சிப்புளியிலிருந்து ரமீஜா டீச்சர் போன் செய்தாள்.
"கடல் அட்டை பாடம் வருது.
நிஜத்தைத் தொட்டா கேஸு.
பிள்ளைங்க தொட்டுப் பாக்க
பன்னண்டு பின்னித் தர்றியா?"

சாம்பல் நூல், அடிவயிற்றுக்கு வெள்ளை.
ஆறு கண்ணியில் வளையம், பின் பதினெட்டு,
பின் ஏறாமல் இறங்காமல்
ஒரு சாண் நீளத்துக்கு அதே சுற்று, அதே சுற்று.
இவ்வளவு சோம்பேறியான பிராணியை
நான் பின்னியதே இல்லை.

பள்ளி திறந்த இரண்டாம் நாள்
மஞ்சப்பையில் போட்டு பஸ் ஏறினேன்.
மண்டபம் சோதனைச் சாவடி.
ஏறினார் வனக்காவலர்,
பைக்குள் கை விட்டார்.
கை அங்கேயே நின்றது.

"என்ன இது?"
"அட்டை சார்."
நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.
"எத்தனை?"
"பன்னண்டு."
"உசுரோடவா, அவிச்சதா?"
"பின்னுனது சார்."

ஒன்றை வெளியே எடுத்தார்.
அமுக்கினார். முகர்ந்தார்.
பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.
"சட்டம்னா விளையாட்டா இருக்கா?
வாயில்லா ஜீவனைக் காப்பாத்த
ராத்திரி பகலா நிக்கிறோம்" என்றவர்
சட்டென்று அதைத் திருப்பிப் பார்த்தார்.
முன்பக்கம், பின்பக்கம்.
"ஆமா, இதுக்கு வாயே இல்லையே?"
"வாயில்லா ஜீவன்தானே சார்."

பஸ் முழுக்கக் கொல்லென்றது.
அவர் சிரிக்கவில்லை.
விரல்களைக் குவித்து, மெல்ல விரித்தார்,
தண்ணீருக்கடியில் ஏதோ திறப்பதுபோல.
"வாயைச் சுத்தி இருபது கை இருக்கும்மா.
குட்டிக் குட்டியா, பூ மாதிரி.
பிடிபட்டதைக் கடல்ல விடுறப்போ பாத்திருக்கேன்.
பிள்ளைங்களுக்குத் தப்பா காட்டிறாத."
இறங்கிப் போய்விட்டார்.

பன்னிரண்டு வாய், வாய்க்கு இருபது கை.
கணக்கு பார்க்காமல் ஊசியை எடுத்தேன்.
ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கை கோணிற்று.
உச்சிப்புளி வருவதற்குள்
நான்கு அட்டைக்குத்தான் வாய் முளைத்தது.
மற்ற எட்டும் பேசாமல் வகுப்புக்குப் போயின.

கடைசி பெஞ்சில் ஒருத்தி, முன்பல் இல்லாதவள்,
அட்டையை உதறிக்கொண்டே கேட்டாள்:
"பயந்தா குடலை வெளியே தள்ளுமாமே,
இது ஏன் தள்ளல?"

நியாயமான கேள்வி.

பதின்மூன்றாவது இப்போது மடியில்.
வாலடியில் ஒரு துளை,
உள்ளே நான்கு முழம் சிவப்புச் சங்கிலிப் பின்னல்.
இழுத்தால் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது.
திரும்ப உள்ளே போட
ஊசியின் பின்முனையும்
நிறையப் பொறுமையும் வேண்டும்.
நிஜத்துக்குப் புதுசாக வளர்ந்துவிடுமாம்,
கொடுத்து வைத்தது.

இன்று நள்ளிரவோடு தடை முடிகிறது.
ஐஸும் டீசலும் ஏற்றிவிட்டு வந்த கித்தேரியான்
கொடிக்கயிற்றை ஒருமுறை பார்க்கிறான்,
பெட்டியைக் கவிழ்க்கிறான்.
"கட்டம் போட்ட லுங்கி எங்கடி?"

டி.வி. மேலிருந்து பேத்தை
ஊதிய வயிறோடு என்னைப் பார்க்கிறது.
ஆவுளியா தோளைத் தூக்குகிறது.

"கடல்ல தேடு" என்றேன்.