ஏழு குழல்காரி

எனக்கு ஏழு குழல், எர்மோகெனெஸுக்கு ஆறு.
அவனுடையதற்கு இரா என்று பெயர், முன்னே போவது.
என்னுடையது அர்க்கா, பின்னே வருவது.
பின்னே வருவதற்கு ஏன் ஒரு குழல் கூடுதல் என்று
யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஒரு சுரம் அவனிடம், அடுத்தது என்னிடம்.
ஏணியின் படிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப்
பாகம் பிரித்ததுபோல.
தனியே ஊதினால் என் பாட்டு
பல் விழுந்த சீப்பு.

எல் ஆல்ட்டோவில், நாலாயிரம் மீட்டர் உயரத்தில்,
மூச்சு கைமாற்றாகத்தான் கிடைக்கும்.
அவன் ஊதும்போது நான் இழுத்துக்கொள்வேன்.
நான் ஊதும்போது அவன்.
பதினோரு வருடம், கணக்கெழுதாத கடன்.

பகலில் தத்துவம் நடத்துகிறேன்.
நான்காம் மாடி, ஹீட்டர் கிடையாது.
இந்தப் பருவத் தேர்வில் நானே எழுதிய மூன்றாம் கேள்வி:
‘நான்’ எங்கே முடிகிறது? விளக்குக. பத்து மதிப்பெண்.
முப்பது பேர் தோலில் முடித்திருந்தார்கள்.
சிலர் சாவில்.
நிகோலாசா மட்டும் ஒரே வரி:
“தெரியவில்லை டீச்சர், எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு கட்டில்.”
எட்டு போட்டேன்.
அடித்துவிட்டு ஒன்பது.

வகுப்பில் ஸ்பானியம். அதில் ஒரே ஒரு நாங்கள்,
கேட்பவரைச் சேர்த்தா தள்ளியா என்று அது வாய் திறக்காது.
அய்மாரா அப்படி விடாது.
நனக்கா என்றால் நாங்கள், நீ வெளியே நில்.
ஹிவாசா என்றால் நாம், நீயும் வா.
டயர் கடைக்குப் பின்னால், கேபிள் காருக்குக் கீழே,
ஒத்திகையில் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.
இரண்டில் எந்தச் சொல் என்று
காதுக்குத் தெரிந்திருந்தது.

மார்ச்சில் அவன் சாவ் பாவ்லோ போனான், தையல் வேலைக்கு.
பதினான்கு மணி நேரம், ஜீன்ஸ் பாக்கெட் மட்டும்.
காலைத் தைப்பது வேறொருவன், ஜிப்புக்கு இன்னொருத்தி.
“இங்கேயும் அதேதான்,
யார் இரா என்றுதான் தெரியவில்லை” என்றான்.

ஒரு ஞாயிறு போனில் வாசித்துப் பார்த்தோம்.
அவன் சுரம் கிளம்பி வர ஒரு நொடி,
என்னுடையது போய்ச்சேர இன்னொன்று.
நடுவே பாட்டு
சாலை கடக்கத் தெரியாத நாய்போல
இரண்டு பக்கமும் பார்த்து நின்றது.
சிரித்தோம். வைத்துவிட்டோம்.
அப்புறம் அவன் அழைக்கவில்லை,
நானும்.

இப்போது அவன் இடத்தில் யூபெர்.
டயர் கடைப் பையன், பத்தொன்பது வயது, நகமெல்லாம் கரி.
சரியாக வாசிக்கிறான். அவ்வளவு சரியாக.
அதே மெட்டுதான் வருகிறது, கேட்பவர்க்கு ஒரு மாற்றமும் இல்லை.
எனக்குத்தான்
மூச்சு முடிய வேண்டிய இடத்தில்
கொஞ்சம் மிச்சம்.
என்ன செய்வதென்று தெரியாமல்
நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
எர்மோகெனெஸோடு வாசித்த அந்த ஒருத்தி
அவனோடு பஸ் ஏறிவிட்டாள் போல.
எவருடைய பாக்கெட்டில் இருக்கிறாளோ.

திருவிழாவன்று, மூன்றாம் சுற்றில்,
யூபெருக்கு இருமல்.
ஒரு சுரம் வரவில்லை.
அது எனக்குத் தெரியும், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
என் ஏழில் அது இல்லை.
இத்தனை புத்தகம் படித்தும்
என் எல்லையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.
தோலில் இல்லை அது, நிகோலாசா.
ஒரு நாணல் தள்ளி,
அடுத்தவன் இருமும் உதட்டில்.

அந்த ஓட்டைக்குள்
சோளக்கஞ்சி விற்கிறவள், கரண்டியைத் தூக்கியபடி,
தான் செய்வது தெரியாமல்
ம்ம் என்றாள்.
சுருதி கொஞ்சம் தாழ்வுதான்.
நான் அடுத்ததை ஊதினேன்.

முடிந்ததும் அவளிடம் இரண்டு கோப்பை வாங்கினேன்,
ஒன்று யூபெருக்கு.
நூறு ரூபாய்த் தாள்போல என் கையில் ஒரு பெரிய நோட்டு.
சில்லறை இல்லையா, சரி,
அப்புறம் கொடு என்றாள்.